நான் அறுத்துவிட்ட கயிறு

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் எனக்கு ஒரு கடை. கயிறு, தார்ப்பாய், மீன்வலை விற்கிறேன். அத்தா காலத்தில் பருத்தி நூல் வலையும் இருந்ததாம். நான் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து நைலான்தான். மக்காது, லேசில் அறுந்துபோகாது என்று சொல்லித்தான் விற்பேன். வாங்குகிறவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில் ஒரு காலை, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரைக்குப் போயிருந்தேன். பரிசலில் மீன் பிடிக்கும் ஒருவர் பல வருஷமாக என்னிடம்தான் வலை வாங்குகிறார். கால் சுளுக்கி அவரால் கடைக்கு வர முடியவில்லை. புது வலையை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு வற்றி, மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது நாணல் புதரிலிருந்து சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் நீர்நாய்க் குட்டி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். யாரோ ஆற்றில் விட்டுப்போன கிழிந்த வலை, அதன் கழுத்தையும் ஒரு முன்னங்காலையும் சுற்றியிருந்தது. மீதி வலை நீளக் கயிறுபோல முறுக்கிக்கொண்டு நாணல் வேரில் மாட்டிக்கொண்டிருந்தது. குட்டி இழுக்க இழுக்க இறுகியது. எதிர்த் திட்டில் அதன் கூட்டம் நின்று கத்திக்கொண்டிருந்தது. நாலைந்து இருக்கும். எங்களைப் பார்த்தும் அவை ஓடவில்லை.

“கிட்ட போகாதீங்க பாய். கடிச்சா விடாது,” என்றார் அவர்.

பையில் வலை அறுக்கிற கத்தி இருந்தது. நான் கையை மட்டும் நீட்டி, எட்டிய இடத்தில் அந்த நீளக் கயிற்றை அறுத்தேன். குட்டி தண்ணீரில் விழுந்து மறைந்தது. எதிர்த் திட்டில் நின்றவையும் குதித்தன. அவ்வளவுதான், ஆறு அமைதியாகிவிட்டது.

“தப்பிச்சிருச்சு பாய்! உங்களுக்குப் புண்ணியம்,” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் நான் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கைகாட்டி, நடித்துச் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் எங்கள் பூனைக்கு ஊசி போட புத்தூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் போனேன். அந்த அம்மாவிடமும் பெருமையாக ஆரம்பித்தேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“கழுத்துல இருந்த வலையையும் எடுத்தீங்களா சார்?”

“இல்லீங்க மேடம். கிட்ட போக முடியல. கயித்தை மட்டும் அறுத்துவிட்டேன்.”

“குட்டின்னு சொன்னீங்க?”

“ஆமாங்க.”

பேனாவை மூடி வைத்தார். பிறகு கோபமில்லாமல்தான் சொன்னார். “அது வளரும் சார். நைலான் வளராது. அந்த நீளக் கயிறு இருந்திருந்தா அதை வெச்சே குட்டியைப் புடிச்சிருக்கலாம். இப்ப புடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினேன் என்று வெகுநேரம் தெரியவில்லை.

அதன்பிறகு விடிந்ததும் கொள்ளிடத்துக்குப் போகத் தொடங்கினேன். கடை திறக்கும்வரை மணலில் நடப்பேன். ஈரத்தில் கால்தடங்கள் இருக்கும். எது அதனுடையது என்று எப்படித் தெரியும்? கடையில் வலையை முழம் போடும்போது நைலான் விரலில் உரசும் சத்தத்துக்கே கை நின்றுவிடும். சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை. கழுத்தில் துணி படும்போதெல்லாம் இன்று அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தோன்றும். மனைவி பட்டனைக் கவனித்தாள்.

பங்குனியில் ஒருமுறை பார்த்தேன். கூட்டம் ஒரு பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தது. கழுத்து வீங்கி, தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மற்றவை முழு மீனைக் கடித்துத் தின்ன, அது துண்டு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தது. என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை. அது தண்ணீரில் இறங்கிவிட்டது.

டாக்டரம்மா வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் மீன் வைத்துக் கூண்டு போட்டார்கள். பல நாள் வைத்திருந்தார்கள். ஆனால் அது கூண்டுப் பக்கமே வரவில்லை.

ஆனி கடைசியில் பரிசல்காரர் போன்கூடப் பண்ணாமல் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார்.

“போன வாரம் கெடந்துச்சு பாய். நானே மணல்ல பொதைச்சிட்டேன். இனிமே தேடாதீங்க.”

“எந்த எடத்துல?”

“இப்ப தண்ணி வந்துருச்சு பாய். எடம் தெரியாது.”

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. உண்மையிலேயே புதைத்தாரா, என் நடையை நிறுத்துவதற்காகச் சொன்ன பொய்யா என்று இன்றுவரை தெரியாது. மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடையும் நிற்கவில்லை.

அந்த ஆடியில்தான் கடை வாசலில் பெரிய சாக்கு ஒன்றைக் கட்டினேன். கிழிந்த வலையை ஆற்றில் போடாமல் இதில் போடுங்கள் என்றேன். டாக்டரம்மா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, அச்சடித்து, வலை கட்டும்போது உள்ளே வைத்தேன். வலையில் மாட்டிய விலங்கைக் கண்டால் நீளக் கயிற்றை அறுக்காதீர்கள். அதன் முனையை எதிலாவது கட்டுங்கள். ஈரச் சாக்கால் மூடுங்கள், கண்ணுக்கு இருட்டாக இருந்தால் அடங்கும். கூட்டம் கூட்டாதீர்கள். கடைக்குப் போன் பண்ணிவிட்டு, ஆள் வரும்வரை கூடவே இருங்கள். சிலர் சிரித்தார்கள். “நீர்நாய் வலையைக் கிழிக்குது, அதுக்கு வைத்தியமா பாய்?” என்று ஒருவர் கேட்டார். அவருக்கும் ஒரு தாள் கொடுத்தேன்.

போன வருஷம் ஒரு முற்பகலில் முசிறியிலிருந்து போன் வந்தது. பண்ணியது, ‘அதுக்கு வைத்தியமா’ என்று கேட்டவர்தான்.

“பாய், பெரிய நீர்நாய் ஒண்ணு. கயித்தை வாழைமரத்துல கட்டியிருக்கேன். சாக்கு போட்டாச்சு. சீக்கிரம் வாங்க.”

டாக்டரம்மாவையும் வனத்துறையினரையும் கூப்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன். நாங்கள் போகும்வரை அவர் வெயிலில் தனியாக உட்கார்ந்து சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வனத்துறையினர் இரண்டு பேர் தடித்த கையுறையோடு அதை அமுக்கிப் பிடித்தார்கள். டாக்டரம்மா ஊசி போட்டு மயங்கவைத்து, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் கழுத்து வளையத்தை நூல் நூலாக வெட்டினார். கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. சாக்குக்குள் அதன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. தோல் கிழியவில்லை. சிவந்த கோடு மட்டும்.

“இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா இருக்குமா மேடம்?”

“சொல்ல முடியாது சார்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “கயித்தை விடலாம், முடிஞ்சிருச்சு,” என்றார். என் கை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது.

மயக்கம் தெளியும்வரை கூண்டில் வைத்திருந்து, சாயங்காலம் ஆற்றில் விட்டார்கள். வாழைத்தோட்டம் தாண்டி, நீரோட்டத்தில் தலை மறையும்வரை நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே கேட்டாள், “என்னங்க, பொழைச்சுதா?”

“இது பொழைச்சுருச்சு,” என்றேன்.

அவள் கைகழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள்.