தெருமுக்கு வரைக்கும் வைஃபை

கிணற்றில் இறங்கும் பம்ப்செட் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வைக் காதருகே கொண்டுபோய் இரண்டு ஆட்டு ஆட்டுகிறார் கிருபாவதி. உள்ளே இருக்கும் மூடி சரியாகத் தட்டினால்தான் அது வாடிக்கையாளர் கைக்குப் போகும். இல்லாவிட்டால் அட்டைப்பெட்டிக்கே திரும்பும். சரியான தட்டு எது, தப்பான தட்டு எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேவதானப்பட்டியிலிருந்து வந்திருந்த தோட்டக்காரர் ஒருவர் பொறுமை இழந்து, "கம்பெனி சீல் ஒட்டியிருக்கும்மா" என்றார். "சீலா கெணத்துக்குள்ள எறங்கித் தண்ணியப் பிடிக்கப் போகுது? சித்த இருங்க" என்று அடுத்த பெட்டியைப் பிரித்தார் இவர்.

தேனி கடைவீதியில் பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் கடை. மாமனார் வைத்தது, கணவர் ராஜமணி நடத்தியது, அவர் காலமான பிறகு இவர் கையில் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர், இன்னும் நைலான் சேலைதான், இடுப்பில் சாவிக்கொத்து. கடையை மூடினால் ஒவ்வொரு பூட்டையும் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்ப்பார். பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிப் போய் மறுபடியும் இழுப்பதும் உண்டு.

இவ்வளவு எச்சரிக்கையான மனுஷி, வீட்டில் ஓட்டை ரூட்டரை வைத்துக்கொண்டு என் உயிரை வாங்கினார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வளைகுடா நாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். கீழே அவருடைய கூடத்தில் ஷோகேஸ் மேல் இருக்கும் ரூட்டர்தான் எனக்கும் சோறு போடுகிறது. சிலுவைக்கும் சர்ச் காலண்டருக்கும் நடுவில், வெள்ளை நூலில் பின்னிய உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். தொட்டால் சுடும். "உறையை எடுத்துடுங்கம்மா, பாவம், வேகுது" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "தூசி விழும் டீச்சர்." தெருப்பக்க ஜன்னலும் அதே தூசிக்குப் பயந்து எப்போதும் மூடியே கிடக்கும்.

வைஃபையின் பெயர் 'ஜோஷ்வா ஹோம்'. பாஸ்வேர்டு தெருவுக்கே தெரியும். பால்காரர், அயர்ன் வண்டிக்காரர், எதிர்வீட்டு அஜய்குமார், கேஸ் சிலிண்டர் போடுபவர் என்று யார் கேட்டாலும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுப்பார். நான் ஆட்சேபித்தால், "காத்துல வர்றதுதான டீச்சர், குடுத்தாக் கொறஞ்சா போகும்?" என்பார்.

இன்னொரு பழக்கம் இதைவிட எரிச்சலானது. அந்த வைஃபையில் யாருடைய போன் வந்து ஒட்டினாலும் அவருடைய போன் 'டிங்' என்று மணியடித்து, ஒட்டிய போனின் பெயரைக் காட்டும். லைன் இழுக்கிறது என்று அவர் புகார் சொன்னபோது, யார் யார் உறிஞ்சுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளட்டும் என நெட் கம்பெனியிலிருந்து வரும் சூரியபிரகாஷ் போட்டுக்கொடுத்த செயலி அது. வாடகை பேசிக்கொண்டிருப்போம், டிங். ஜெபக்கூட்டத்துக்கு ஆள் வந்திருப்பார்கள்; டிங். உடனே கண்ணாடியைத் தேடி மாட்டி, போனை எட்டிப் பிடித்துப் படிப்பார். "பால்காரரு வந்துட்டாக" என்று சொல்லி வைத்துவிடுவார். பால்காரர் அதற்குப் பிறகுதான் கதவைத் தட்டுவார். ஊர்வம்பு பார்க்க இப்படி ஒரு வழியா என்று நான் உள்ளுக்குள் திட்டிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் வம்பு வீட்டுக்குள்ளேயே வந்தது. பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொடுப்பதற்காக நான் ஒரு பக்கத்தைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரம் வந்து குதித்தது. மூடிவிட்டுத் திறந்தால் இன்னும் மோசமான ஒன்று. துபாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நான் பதறிப்போய் லேப்டாப்பையே சாத்தினேன். கீழே ஓடிவந்து சொன்னால், கிருபாவதி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேல தனியா இருக்கீக. என்னத்தையும் பாத்துத் தொலைச்சீகளா?" என்று கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சூரியபிரகாஷ் சுருளிப்பட்டிக்காரன். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு வளையம் கேபிள். அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். இந்த மாடல் ரூட்டரின் மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறதாம். எங்கோ இருக்கிற ஒருவன் பாஸ்வேர்டே இல்லாமல் அதன் வழியாக நுழைந்து உள்ளே இருக்கும் அமைப்புகளை மாற்றிவிடலாம். மாற்றியும் விட்டான். "தேனின்னு போர்டு போட்ட பஸ்ஸுல ஏறுறீக, அவன் குமுளில கொண்டுபோய் எறக்கி விடுறான். அதான் நடக்குது" என்றான். கம்பெனி எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. கிருபாவதிக்கும் வந்திருந்தது. லோன் தருகிறேன் என்று வருகிற செய்தி என நினைத்து அழித்திருந்தார்.

அவன் உறையில் கை வைக்கப் போனதும், "ஏலே, தொடாத" என்றார். "நெட்டு வருதா இல்லையா? வருதுல்ல. நல்லா ஓடுறத எதுக்கு நோண்டுற?"

"இது நல்லா ஓடுறதாம்மா?" என்றான் அவன்.

"எனக்கு நல்லாத்தான் ஓடுது. சீட்டு வந்தா மூடிட்டுப் போறேன்."

அவனைக் காப்பி குடிக்க வைத்து அனுப்பிவிட்டார். அடுத்த தடவை வந்தபோதும் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார். என் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் நின்றுபோனார்கள். நான் போன் டேட்டாவில் பாடம் நடத்தினேன். மாடியில் டவர் எடுக்காமல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் குடை பிடித்து உட்கார்ந்து வகுத்தல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் தேனி மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "டீச்சர், இங்கன வாங்க" என்று கீழிருந்து சத்தம். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவருடைய வங்கியின் பக்கம். ரகசிய எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. "பாருங்க, 'தயவுகூர்ந்து'ன்னு எழுதியிருக்கான். நம்ம பேங்க்குல எவன் என்னைக்கு இம்புட்டு மரியாதையா பேசினான்? எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். இது பாதுகாப்பான பக்கம் இல்லை என்று போனே எச்சரித்திருக்கும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் இதுவரை வந்திருக்கிறார். மரியாதை மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எண்ணைக் கொடுத்திருப்பார்.

நான் பிடுங்கி அணைத்துவிட்டு அங்கேயே நின்று சூரியபிரகாஷைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் புதுப் பெட்டி ஒன்றோடு வந்தான்.

"அம்மா, கேளுங்க. இந்தப் பொட்டிக்கு வயசாயிருச்சு. இனிமே ஓட்டைய அடைக்க கம்பெனி சாஃப்ட்வேர் விடாது. தூக்கித்தான் போடணும். புதுசுல மொத வேலையா சாஃப்ட்வேர ஏத்திருவேன். வெளிய இருந்து பொட்டிக்குள்ள வர்ற வழிய அடைச்சிருவேன். உங்க கடை ஃபுட்வால்வு மாதிரின்னு வச்சுக்கங்களேன், ஒரு பக்கந்தான் தெறக்கும். வைஃபை பேரு, பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்திருவோம். தெருவுல போற எவன் போனும் தானா வந்து ஒட்டாது."

ஃபுட்வால்வு என்றதும் கிருபாவதி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தையில் தலை நின்றது.

"எவன் போனுமா?"

"ஒருத்தன் போனும் ஒட்டாது."

"அப்ப வேணாம். நீ கெளம்பு தம்பி."

எனக்குப் பொங்கிவிட்டது. "திருடனுக்குக் கதவைத் தெறந்து வச்சிட்டு அதுக்கு உறை வேற பின்னிப் போட்டிருக்கீங்க. நான் வேற வீடு பாத்துக்கறேன்மா, நீங்க உங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு இருங்க" என்று சத்தம் போட்டேன். இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. சோபாவில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"அந்தப் பேரு அவன் வச்சது டீச்சர்."

ஜோஷ்வா அவருடைய ஒரே மகன் என்பது எனக்குத் தெரியும். கட்டப்பனைப் பக்கம் வேலை பார்க்கிறான், வீட்டுக்கு வருவதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். கடையைக் கவனிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இவருக்குத் தெரியாமல் கல்யாணமும் செய்துகொண்டு வந்து நின்றிருக்கிறான். இவர், "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றிருக்கிறார். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். மிதிக்கவில்லை. அதற்கு முந்தின மாதம் அவன் வாங்கிவந்து மாட்டியதுதான் இந்த ரூட்டர்.

"போன வருசம் ஒரு நா, சர்ச்சுல இருந்து வந்து சேலைகூட மாத்தல. டிங்குன்னுச்சு. பாத்தா 'ஜோஷ்வா போன்'னு வருது. கண்ணாடிய மறுபடியும் தொடச்சுப் பாத்தேன், அதே பேரு. செருப்புகூடப் போடாம ஓடுனேன். தெருவுல ஒருத்தருமில்ல. முக்கு டீக்கடைக்காரரு சொன்னாக, ஹெல்மெட் போட்ட ஒரு தம்பி பைக்க நிப்பாட்டி நம்ம வீட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சாம். அப்புறமும் ஒரு தடவ வந்தான். அன்னைக்கு நான் கொல்லைல இருந்துட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பேர மாத்திட்டா அவன் போன் ஒட்டாது, அவன் வந்தது எனக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

"ஒரு போன் பண்ண வேண்டியதுதானேம்மா! நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு. பண்ணா, நான் பாத்துட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். கூசிப்போயிருவான். அப்புறம் அந்த முக்குக்கும் வரமாட்டான். அவுக அப்பா மாதிரி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கல்யாணமான ஆம்பிளை தெருமுக்கு வரை வந்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். பெற்றவள் டிங் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேச இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. நடுவில் என் பிழைப்பு போகிறது, அவருடைய பேங்க் கணக்கும் போகப் பார்த்தது. இரண்டு பேர் கன்னத்திலும் ஆளுக்கொன்று வைக்கலாம் போலிருந்தது.

சூரியபிரகாஷ் இன்னும் கிளம்பவில்லை. வாசலில் நின்று கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தவன், "விருந்தாளிக்குன்னு தனியா ஒரு வைஃபை விடலாம்மா" என்றான். "அதுக்குப் பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு, அப்டியே. அதுல ஒட்டுறவுக நெட்டுப் பாக்கலாம், அம்புட்டுத்தான். உங்க போனு, டீச்சர் லேப்டாப்பு, பொட்டியோட செட்டிங்கு, எதையும் தொட முடியாது. உங்க ரெண்டு பேருக்கும் வேற பேர்ல ஒண்ணு. பொட்டிக்குள்ள போறதுக்கு வேறயா ஒரு பாஸ்வேர்டு, அத யாருக்கும் சொல்லக் கூடாது."

"விருந்தாளியா அவன்?" என்று சீறினார் கிருபாவதி.

"கம்பெனிக்காரன் அப்டிப் பேரு வச்சிருக்கான். அதுக்கு நான் என்ன செய்ய?"

"டிங் அடிக்குமா?"

"அடிக்கும்மா."

"பழையபடி பேரு காட்டுமா?"

"காட்டும்மா, காட்டும்."

அவர் நம்பவில்லை. என் போனைப் புதுப் பெட்டியில் பழைய பெயரோடு ஒட்டவைத்து, டிங் சத்தம் கேட்டு, என் பெயரைக் கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் பழைய பெட்டியைக் கழற்ற விட்டார். புதுப் பெட்டியின் பாஸ்வேர்டை அவரே அடித்தார். எங்கள் இருவரையும் திரும்பி நிற்கச் சொன்னார். சூரியபிரகாஷ் எல்லாவற்றையும் முடித்து, வெளிவழி அடைபட்டிருப்பதையும் பார்த்துவிட்டு, ஷோகேஸ் மேல் வைக்கப் போனான்.

"இரு" என்றார்.

போனைப் பழைய பெயரில் ஒட்டவைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். சீக்கிரமே திரும்பி வந்தார். "கேட்டத் தாண்டுனா சிக்னல் புள்ளி கொறையுது. முக்குல ஒத்தப் புள்ளிதான்."

யாரிடமும் கேட்கவில்லை. தெருப்பக்க ஜன்னலின் தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை; சாவிக்கொத்தால் நாலு தட்டுத் தட்டி இழுத்தார். வருஷக்கணக்கான தூசி அவர் தலைமேலேயே கொட்டியது. ஜன்னலை விரியத் திறந்து, பெட்டியை உறையில்லாமல் அதன் திண்டில் வைத்தார். மறுபடியும் இறங்கி நடந்தார்.

நானும் சூரியபிரகாஷும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி டீக்கடை வரை போனார். "எடுக்குதாம்மா?" என்று இவன் கத்தினான். அங்கிருந்து திரும்பி வீட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, டீக்கடை வேப்பமரத்தடியில் வழியை அடைத்துக் கிடந்த காலி டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து உருட்டி, ஒரு பைக் நிற்கும் அளவுக்கு நிழலில் இடம் விட்டு, சுவரோரமாக நிமிர்த்தி வைத்தார்.