தோளில் ஒரு கை

கணவர்களை வெட்டுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. கத்தரிக்கோலால்தான். ஒவ்வொரு விவாகரத்து முடிந்ததும் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில் டாக்டர் போனார், பிறகு வக்கீல். ஓட்டல் முதலாளி மட்டும் கடைசிவரை பதவியில் இருந்ததால் முழு உருவமாகத் தப்பினார்.

ஊரில் எந்தத் திறப்புவிழா நடந்தாலும் ரிப்பன் பக்கத்தில் அம்மா நிற்பாள். மறுநாள் பேப்பரிலும் வருவாள், டாக்டர் மனைவி, வக்கீல் மனைவி, முதலாளி மனைவி என்று. அவள் இறந்தபின், அறிவிப்புக்குக் கொடுக்க ஒரு தனிப்படம் கிடைக்கவில்லை. இந்த ஒரு தடவையாவது அம்மா யாருடைய மனைவியாகவும் இல்லாமல் வரட்டும் என்று மகள் பிடிவாதமாக அலமாரியையே கவிழ்த்தாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். பக்கத்து ஆளைக் காணோம். அவர் கை மட்டும் தோளில் இருந்தது. அதையும் வெட்டியிருந்தால் அம்மாவின் ரவிக்கைப் பூவேலை போயிருக்கும். கணவனை விடுவாளே தவிர, துணியை விடமாட்டாள் அம்மா.

"கையை அழிச்சிடலாம்மா, சின்ன வேலைதான்," என்றார் படத்தை வாங்க வீட்டுக்கு வந்திருந்த ஸ்டூடியோக்காரர்.

துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த மூன்று கணவர்களும் எழுந்துவிட்டார்கள்.

"கை வைக்காதேப்பா, அது என் கை," என்றார் டாக்டர்.

"உங்களுதா? நகம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க சார். என்னுதுதான்," என்றார் வக்கீல்.

ஓட்டல் முதலாளி தயங்கினார். "போன வருஷம் எங்கிட்ட ஒரு மாசம் பேசல. அப்ப என்னையும் வெட்டியிருக்கலாம் இல்ல?"

சரிபார்க்க மூவரும் வலது கையை மேசைமேல் வைத்தார்கள். நரம்பு புடைத்து, புள்ளி விழுந்து, லேசாக நடுங்கும் கைகள். ஒன்றுகூடப் படத்தில் இருந்த இளம் கையோடு ஒத்துப்போகவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது.

"கை இருக்கட்டும்ணா," என்றாள் ஸ்டூடியோக்காரரிடம்.

வக்கீல் விடவில்லை. "அது யாரோட கைன்னு சொல்றது?"

"மூணு பேரோடதும்னு வச்சுக்குங்க அங்கிள்."

"அது சட்டப்படி செல்லாதும்மா."

"சும்மா இருய்யா," என்றார் டாக்டர். "இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் மறுபடி தோள்ல கை வைக்க விட்டிருக்கா. கெடுத்துடாதே."