வல்லூறுகளும் மாஸ்டரின் வலது காலும்

மாஸ்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவருடைய வலது காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதருடைய வாழ்க்கையில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அது மூக்கை நுழைத்திருக்கிறது. காலுக்கு ஏது மூக்கு என்று கேட்பவர்கள் அந்தக் காலைப் பார்த்ததில்லை.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பள்ளிக்கூடம் என்று பெயர்ப்பலகை மட்டும்தான்; அதுவும் காரின் கூரைமேல் இருந்தது. வகுப்பறை, அலுவலகம், மணி எல்லாமே அந்த ஒரு கார்தான். பக்கத்து இருக்கையின் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. இரண்டு பிரேக்குகளையும் ஒரு கம்பி இணைத்திருந்தது. அவர் மிதித்தால் ஓட்டுகிறவரின் காலடியில் இருக்கும் பெடலும் சேர்ந்து இறங்கும்.

அந்தப் பெடலை மிதித்து மிதித்து, மிதிப்பதே அந்தக் காலுக்குப் பிழைப்பாகிவிட்டது. முடிவெட்டும் கடையில் கத்தி காதுக்குப் பக்கத்தில் வந்தால் மிதிக்கும். லிஃப்ட் இறங்கினால் மிதிக்கும். மனைவி டம்ளரில் காப்பியைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் சமையலறைத் தரையை மிதிக்கும். தூக்கத்தில் கட்டில் சட்டத்தை மிதித்து, அது ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய செருப்பு ஜோடியில் இடது புதிதாக இருக்கும்போதே வலது ஓட்டையாகிவிடும். தைக்கிறவர், "மாஸ்டர், அடுத்த தடவ ஒத்தச் செருப்பா வாங்கிக்குங்க" என்பார்.

பாடம் எல்லாம் பூங்காவைச் சுற்றியுள்ள சாலையில்தான். அங்கே போக்குவரத்து குறைவு. மோதினாலும் செடியில்தான் மோத வேண்டும். மதியம் காரைப் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு, பெரிய மரத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் உட்காரும் இடத்தில், வலது கால் படுகிற அளவுக்கு மட்டும், புல் வழுக்கை விழுந்திருந்தது. பூங்காத் தோட்டக்காரியம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"மாஸ்டர், அந்தக் கால கழட்டி வீட்ல வச்சிட்டு வரக்கூடாதா? மூணு தடவ புல்லு வச்சிட்டேன்."

"அது எங்க நான் சொல்றதக் கேக்குது?" என்பார் மாஸ்டர். உண்மையைத்தான் சொன்னார்.

அந்த வருஷம் பெரிய மரத்தின் கவையில் ஒரு ஜோடி வல்லூறு கூடு கட்டியது. சுள்ளிகளைக் கண்டபடி திணித்து வைத்த கூடு. ஒருநாள் அதன் விளிம்புக்கு மேலே மூன்று வெள்ளைத் தலைகள், கழுவாத பஞ்சு மாதிரி, எட்டிப் பார்த்தன. மாஸ்டர் அன்றைக்குச் சாப்பிட மறந்தார். மறுநாளே மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டார். இரை வந்ததும் முதலில் பாய்வது 'அவசரம்'. பாயாமலே கத்தி ஊரைக் கூட்டுவது 'ஆர்ப்பாட்டம்'. மற்ற இரண்டும் தின்று முடிக்கும்வரை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பது 'அப்புறம்'. மாஸ்டருக்கு அப்புறத்தின்மேல் தனிப் பாசம். அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்க முயற்சி செய்தார், முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய மனைவியும் வருவாள். பூங்காவுக்கு மறுபக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். ஊருக்கு அவள் சிஸ்டர். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை கிடைத்து ஆளுக்கொரு திசையில் போய்விட்ட பிறகு, அந்த பெஞ்சில் கழிகிற ஒரு மணி நேரம்தான் புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாகச் சண்டை போடுகிற நேரம். முதல் பாதி சாப்பாடு, இரண்டாம் பாதி கார்ப் பாடம்.

சிஸ்டருக்கு லைசென்ஸ் அவசரமாகத் தேவைப்பட்டது. ஊருக்கு வெளியே தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளில் நடக்க முடியாத நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரி ஒரு நர்ஸைக் காரில் அனுப்பும். அந்த வேலையில் இருந்தவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறார். வார்டிலேயே வருஷக்கணக்காக நடந்து நடந்து அலுத்துப்போன சிஸ்டருக்கு அந்த வேலையின்மேல் கண். தலைமை நர்ஸும், "நீதான் போறே. லைசென்ஸ் மட்டும் கையில இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் போவதற்கு இன்னொருத்தி தயார்.

சிஸ்டர் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டரின் சொந்த மனைவி! மளிகைக் கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்கள். தேர்வு அதிகாரி ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்தான் சொன்னார்.

"ஓட்டுறதெல்லாம் நல்லாத்தான் ஓட்டுறாங்க மாஸ்டர். நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. கோட்டத் தாண்டிப் போயிட்டே இருக்காங்க."

"என்கிட்ட ஓட்டும்போது அளந்து வச்ச மாதிரி நிக்கிறாளே சார்!"

"அப்ப உங்ககிட்டயே ஓட்டட்டும்" என்று அதிகாரி தாளை மடித்துக்கொண்டார்.

இனி ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. அது மாதக் கடைசிக்கு முன்னால் வந்தது.

இதற்குள் மரத்தில் பஞ்செல்லாம் உதிர்ந்து பழுப்பு இறகு முளைத்தது. அவசரம் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடி அடி என்று அடித்தது. சுள்ளிகள் கீழே உட்கார்ந்திருந்தவர்களின் சாப்பாட்டில் விழுந்தன. ஒருநாள் பக்கத்துக் கிளைக்குத் தாவியது. அடுத்த வாரம் சாலைக்கு அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து, எப்படி வந்தோம் என்று தெரியாமல் முழித்தது. ஆர்ப்பாட்டமும் கத்திக்கொண்டே பின்னால் போனது. அப்புறம் மட்டும் கூட்டிலேயே இருந்தது.

அப்போதுதான் தாய் வல்லூறு மாஸ்டரின் கோபத்துக்கு ஆளானது. எலியோடு வந்தது, ஆனால் கூட்டுக்கு வரவில்லை. எதிர் மரத்தில் உட்கார்ந்து, அப்புறத்தின் கண்ணெதிரே, அவசரமில்லாமல் பிய்த்துத் தின்றது. கூட்டிலிருந்து அப்புறம் கத்தோ கத்தென்று கத்தியது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா, பாத்தியா! இதெல்லாம் ஒரு தாயா? கல்நெஞ்சக்காரி!" என்றார் மாஸ்டர்.

"வேணும்னா பறந்து வந்து தின்னட்டும்னு உக்காந்திருக்கு. அதுக்குத் தெரியாதா?" என்றாள் சிஸ்டர்.

"கீழ விழுந்தா?"

"விழுந்தா எந்திரிக்கும்."

மாஸ்டர் அதை ஏற்கவில்லை. மறுநாள் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு இறைச்சித் துண்டை எடுத்து, தோட்டக்காரியம்மா அந்தப் பக்கம் போனதும், மரத்தின் தாழ்ந்த கிளைமேல் வைக்க பெஞ்சில் ஏறினார். துண்டைக் காக்கை கொண்டு போயிற்று. அதே நேரம் மேலே அப்புறம் விளிம்பில் தடுமாறியது. மாஸ்டரின் வலது கால் வழக்கம்போல் பிரேக் போட்டது. போட்ட இடத்தில் பெஞ்சு இல்லை.

கணுக்கால் பூசணிக்காய் அளவு வீங்கியது. சிஸ்டரே கட்டுப் போட்டாள். "ரெண்டு வாரத்துக்கு இந்தக் கால் தரையில படக்கூடாது" என்றாள். அவள் நர்ஸ் குரலில் பேசினால் மாஸ்டர் பெட்டிப் பாம்பு. மற்ற மாணவர்களுக்கு விடுமுறை சொல்லியாகிவிட்டது. ஆனால் தேர்வு நெருங்குகிறதே, மனைவியின் பாடத்தை நிறுத்த முடியுமா? பக்கத்து இருக்கையில் ஏறி, கட்டுப் போட்ட காலைக் கண்ணாடிக்குக் கீழ் உள்ள முன்பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

கார் அழகாகக் கிளம்பியது. பூங்கா வேலியை ஒட்டிப் போனது. முனையில் நிறுத்தக் கோடு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நடைபாதை, அதன்மேல் ஒரு குப்பைத் தொட்டி.

"நிறுத்தும்மா" என்றார் மாஸ்டர்.

சிஸ்டர் காலை பிரேக்கின்மேல் வைத்தாள். கார் போயிற்று.

"நிறுத்து, நிறுத்து!"

"நிறுத்திட்டுத்தான் இருக்கேன்!"

கோடு போயிற்று. நடைபாதை விளிம்பு ஒரு குலுக்கல். தொட்டி மெதுவாகச் சாய்ந்து, வாழைப்பழத் தோல்களைக் காரின் மூக்கிலும் கண்ணாடியிலும் கொட்டியது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது.

சிஸ்டர் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது பெடலின்மேல் பூ மாதிரி உட்கார்ந்திருந்தது. பிறகு முன்பலகைமேல் இருந்த கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன் நரம்பு தேடுகிற அதே பார்வை.

"பெடல் எறங்கலையே" என்றாள். "எப்பவும் கால வச்சதும் எறங்குமே."

மாஸ்டர் கட்டின் முனையைச் சரிசெய்தார்.

"என்னங்க. இத்தன நாளா யார் பிரேக் போட்டது?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. மற்ற மாணவர்களுக்கெல்லாம் சில வாரங்களிலேயே மாஸ்டர் காலை எடுத்துவிடுவார். கோட்டைத் தாண்டினால் தாண்டட்டும், அடுத்த தடவை தானே மிதிப்பான் என்று விடுவார். மனைவி ஓட்டும்போது மட்டும் கால் முந்திக்கொண்டது. அவள் பாதம் பெடலுக்கு வருவதற்குள் பெடல் இறங்கிவிடும். தான்தான் மிதித்தோம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். மிதிக்கவே கற்றுக்கொள்ளாமல் ஒரு பெண்பிள்ளை இரண்டு தேர்வுக்குப் போயிருக்கிறாள்.

"நான் பெயிலாகணும்னே செஞ்சீங்களா?"

"சத்தியமா இல்ல. எனக்கே தெரியாது. கால்தான்…"

"கால் மேல பழி போடாதீங்க."

மாஸ்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழத்தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அந்தப் பக்கமெல்லாம் தனியா ஓட்டிட்டுப் போவே. மழையில, மேட்டுல, பள்ளத்துல. பக்கத்துல யாரு இருப்பா? பயமா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, சின்னக் குரலில் சேர்த்துக்கொண்டார்: "மத்தியானம் சாப்பிட வரவும் மாட்டே."

சிஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதற்கு முதலிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைப்பரைத் தட்டிவிட்டாள். தோல் கண்ணாடியில் அங்கும் இங்கும் போய்வந்தது.

"அந்தப் பறவைய கல்நெஞ்சக்காரின்னீங்க" என்றாள் கடைசியில். "நீங்க கூட்டுக்கே கொண்டுவந்து ஊட்டி, என்னை பெயிலாக்கிட்டீங்க. ரெண்டு வாரம் அந்தக் கால் அங்கேயே இருக்கட்டும். கீழ எறக்கினீங்க, இன்னொரு கட்டுப் போடுவேன்."

அந்த இரண்டு வாரம் மாஸ்டர் பட்ட பாட்டை வேறு எந்த ஆசிரியரும் பட்டிருக்க மாட்டார். கால் முன்பலகைமேல், கைகள் இருக்கையைப் பிடித்தபடி, கண்ணை மூடினால் இன்னும் பயம். முதல் நாள்களில் சிஸ்டர் இடித்த மாதிரி நிறுத்தினாள். மாஸ்டரின் நெற்றி கண்ணாடியைத் தொட்டுவந்தது. தோட்டக்காரியம்மா குப்பைத் தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, வேலை வெட்டியை மறந்து வேலிமேல் சாய்ந்து பார்த்தாள். பிறகு மெல்ல மெல்ல நிறுத்தம் பதமானது. கோட்டுக்கு முன்னால் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கட்டுக்குள் மாஸ்டரின் கட்டை விரல் மட்டும் ரகசியமாக மடங்கிக்கொண்டிருந்தது. அதை சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தாய் எதிர் மரத்தில் இரையோடு வந்து இறங்கியது. கூட்டில் அப்புறம் வழக்கம்போல் கத்தியது. கத்திப் பார்த்து, தலையைச் சாய்த்து யோசித்து, பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் விளிம்பைவிட்டு விழுந்தது. விழுந்ததென்றுதான் மாஸ்டர் நினைத்தார். பாதி வழியில் இறக்கை விரிந்தது. எதிர் மரத்தின் கிளையைத் தவறவிட்டு, அடுத்த கிளையில் தலைகுப்புறத் தொங்கி, ஒருவழியாக நிமிர்ந்து உட்கார்ந்தது. தாய் எலியை அதன் பக்கம் தள்ளிவிட்டுப் பறந்தது.

மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார்.

மறுநாள் சிஸ்டர் கோட்டுக்கு முன்னால் அளந்து வைத்த மாதிரி நின்றாள். "இப்பதான் மாஸ்டர் வீட்டம்மா மாதிரி ஓட்டுறீங்க" என்றார் அதிகாரி. "இல்ல சார், இப்பதான் என்னை மாதிரி ஓட்டுறேன்" என்றாளாம். மளிகைக் கடை அதற்குப் பிறகு வேறு விஷயம் தேடிக்கொண்டது.

புது வேலையின் முதல் நாள். கட்டு அவிழ்ந்துவிட்டது. மாஸ்டர் நேரத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மரத்தில் வெறும் சுள்ளிக் கூடு. தூரத்தில், மிகவும் மேலே, மூன்று புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் எது அப்புறம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

ஆஸ்பத்திரியின் சின்னக் கார் பூங்கா வேலியை ஒட்டி வந்தது. அந்தக் காரில் ஒரே ஒரு பிரேக்தான். சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினாள். முனை வந்தது. கோடு வந்தது. பெஞ்சுக்கடியில் மாஸ்டரின் வலது கால் முழு பலத்தோடு மண்ணை மிதித்தது. காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் நின்று, இரண்டு பக்கமும் பார்த்தாள். மாஸ்டரின் கால் அப்போதும் மிதித்தபடியே இருந்தது. விளக்கு அணைந்து, கார் திரும்பிப் போய்விட்டது.

தோட்டக்காரியம்மா மண்வெட்டியோடு வந்து அவருடைய காலடியைப் பார்த்தாள்.

"மாஸ்டர், கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க. அந்த எடத்துல இனிமேலாவது புல்லு வளருமா, வளராதா?"

மாஸ்டர் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் மடக்கி வைத்துக்கொண்டார். அவருடைய கண் இன்னும் முனையிலேயே இருந்தது.

"வளரும்மா. கொஞ்ச நாள் குடு" என்று சொல்லிவிட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் கட்டியிருந்த சாப்பாட்டைத் திறந்தார்.