மூச்சு விடத் தைத்த கவுன்

வீட்டில் அவளுக்குப் பூசணி என்று பெயர். வைத்தது அக்கா. அக்கா கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். வேறு எவராவது கூப்பிட்டால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நாமும் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு அப்படியே சொல்லுவோம். அவள் காதில் விழாதவரை நமக்கு ஆபத்தில்லை.

பூசணிக்குத் தொழில் கார் சீட்டுக்கு உறை தைப்பது. டயர் கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவில் இருக்கும் பட்டறையில், பெரிய மெஷின் அவளுடையது. அதில் வேறு யாராவது கை வைத்தால் அன்றைக்கு முதலாளிக்கே தலைவலி. அவள் உறை போட்ட சீட்டைத் தட்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வரும். ஒரு சுருக்கம் காட்டுங்கள் பார்ப்போம்! காட்ட முடியாது.

நாற்பதைத் தொட்டும் கல்யாணம் கூடிவரவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் கிழிந்த சீட்டோடு பட்டறைக்கு வந்தார்.

"பின்பாக்கெட்ல இவ்வளவு பெரிய சாவிக்கொத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்தா, சீட் கிழியாம வேற என்னங்க செய்யும்?" என்று பூசணி அவரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். மனுஷனுக்கு அந்தத் திட்டு பிடித்துப்போய்விட்டது. அடுத்த மாதம், கிழியாத சீட்டைக் காட்டி, கிழிந்த மாதிரி இருக்கிறதே என்று அவர் இழுத்தபோதே பட்டறைக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூசணிக்குத்தான் கடைசியில் புரிந்தது.

கல்யாணம் முடிவானதும், கல்யாணக் கவுன் வாடகைக்குத் தரும் கடைக்கு அக்கா அவளை அழைத்துப் போனாள். கடைப்பெண் டேப்பை எடுத்துக்கொண்டு பூசணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "உங்களுக்கு ரெண்டு கவுனைச் சேர்த்துத்தான் தைக்கணும் மேடம்" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூசணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"என் கவுனை நானே தச்சுக்கறேன்" என்றாள் வெளியே வந்து. "அந்தக் கடை வாசல்ல இனிமே கால் வைக்க மாட்டேன். ஒரு நாளாவது எனக்குன்னு வெட்டின துணிக்குள்ள நான் நிக்கணும்கா."

"தச்சுக்கோ. ஆனா கார் மாதிரி வந்து நிக்காதே" என்றாள் அக்கா.

பட்டறையில் அளவு வெட்டும் பழுப்புத் தாளில்தான் வரைந்தாள். வெண்ணெய் நிறத் துணி. கொசுவம் கிடையாது, ஜாலர் கிடையாது. கழுத்திலிருந்து கால்வரை நீள நீளமான பட்டைகள். பட்டைகள் சேரும் இடத்தில் சீட்டுக்கு வைப்பதுபோலவே கரும்பச்சையில், கயிறு மாதிரி உருண்ட ஒல்லியான பைப்பிங் கரை. இரண்டு பக்கமும் பாக்கெட்.

"கல்யாணப் பொண்ணுக்குப் பாக்கெட் எதுக்குடி?"

"கைக்குட்டை வைக்க. அழுகை வந்தா எதுல துடைப்பேன், அவர் சட்டையிலயா?"

வரைந்ததில் தப்பில்லை. தப்பு வெட்டினதில். சீட்டு உறையை மெத்தையின் அளவைவிட ஒரு விரற்கடை குறைத்துத்தான் வெட்டுவார்கள். அப்போதுதான் இழுத்து மாட்டும்போது விறைத்து நிற்கும். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகக் குறைத்தே வெட்டியது. அது போதாதென்று, கண்ணாடி முன்னால் நின்று, தெரிந்த சுருக்கத்தையெல்லாம் பிடித்துப் பிடித்து இறுக்கினாள். நூலும் பட்டறை நூல், யானையைக் கட்டினாலும் அறாது.

போட்டுக் காட்டியபோது அக்கா வாயைப் பிளந்தாள். "அடியே, சிலை மாதிரி இருக்கடி! எங்க, உட்காரு, செருப்பையும் போட்டுப் பாத்துடலாம்."

சிலை உட்கார்ந்தது. டர்ரென்று ஒரு சத்தம். நூல் அப்படியே இருந்தது. அதை ஒட்டியிருந்த துணிதான், இரண்டு அக்குளிலிருந்தும் இடுப்புவரை கிழிந்து தொங்கியது.

பூசணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணமோ வாசல்வரை வந்துவிட்டது. துணிக்கடைக்கு போன் போட்டால், அந்த நிறம் தீர்ந்துவிட்டது என்றார்கள். அக்கா திட்டவில்லை, கார் சாவியை எடுத்தாள்.

"வா, அந்தக் கடைக்கே போவோம். இருக்கறதுலயே பெருசா ஒண்ணு எடுத்துப்போம். அவ இன்னொரு தடவை வாயைத் திறந்தா நான் பாத்துக்கறேன்."

பூசணி காரில் ஏறினாள். அந்தப் பெண் மறுபடியும் டேப்போடு சுற்றிவருவதை நினைக்க நினைக்கத் தலை தாழ்ந்துகொண்டே போனது. குனிந்த கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கியர் கம்பும், அதன் அடியில் மடிப்பு மடிப்பாகச் சுற்றியிருந்த தோல் உறையும்தான். அவளே தைத்துப் போட்டது. சாலையில் நெரிசல். அக்கா நிமிஷத்துக்கு நிமிஷம் கியரை மாற்றிக்கொண்டிருந்தாள். கம்பு முன்னால் போனால் பின்பக்க மடிப்பு விரிந்தது. பின்னால் வந்தால் சுருங்கிக்கொண்டது. என்ன ஆட்டினாலும் கிழியவில்லை.

"அக்கா, வண்டியைத் திருப்பு."

"என்னடி ஆச்சு?"

"திருப்புன்னா திருப்பேன்! சீட் மூச்சு விடாதுக்கா. உட்காராது, எழுந்திருக்காது. நான் சீட்டுக்குத் தச்சு வச்சிருக்கேன். கியருக்குத் தைக்கற மாதிரி தைக்கணும்."

"கல்யாணக் கவுனுக்கு எதுக்குடி கியரு?" என்று கத்திக்கொண்டே அக்கா வண்டியைத் திருப்பினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

பைப்பிங்குக்கு வாங்கிய கரும்பச்சைத் துணி தாராளமாக மிச்சமிருந்தது. கிழிந்த ஓரத்தைச் சீராக வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு விலாவிலும் விசிறி மடிப்பாகப் பச்சைப் பட்டை வைத்தாள். இந்தத் தடவை நூல், அக்காவின் தையல் டப்பாவிலிருந்த மெல்லிய நூல். அளவு எடுத்ததும் அக்காதான்.

"மூச்சை இழு. விடு. குனி. உட்காரு. இப்போ சிரி."

"சிரிக்க எதுக்குக்கா அளவு?"

"நீ சிரிச்சா வயிறு தனியா ஆடும்டி. அதுக்கும் இடம் விட வேணாமா?"

பூசணி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா அதையும் அளந்துகொண்டாள்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில். கையெழுத்துப் போட நாற்காலியைக் காட்டினார் அதிகாரி. பூசணி உட்காரப் போனபோது அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மடிப்பு சத்தமில்லாமல் விரிந்து இடம் கொடுத்தது. அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது.

"ஏம்மா, உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணையா?" என்றார் அதிகாரி, அக்காவின் முகத்தைப் பார்த்து.

"அய்யய்யோ, ஒண்ணுமில்லீங்க. நீங்க முடிங்க சாமி" என்றாள் அக்கா.

பிறகு வாசல் படியில் படம் எடுத்தார்கள். போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்வதைப்போலத்தான் சொன்னார்: "மேடம், வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுத்துப் பிடிங்க. ஒரே செகண்ட்."

எத்தனை படத்துக்கு இழுத்திருப்பாள்! பள்ளிக்கூடத்துப் படத்துக்கு இழுத்தாள், அக்கா கல்யாணத்தில் நாள் முழுக்க இழுத்துப் பிடித்தாள். பழக்கத்தில் இப்போதும் பாதி இழுத்துவிட்டாள். அப்புறம் விட்டாள்.

"மாட்டேன் தம்பி. இழுக்காம நிக்கறதுக்குத்தான் இதைத் தச்சேன். அப்படியே எடுங்க."

போட்டோக்காரர் முழித்தார். பக்கத்தில் நின்ற அக்கா, குச்சி மாதிரி இருப்பவள், "அப்பாடா, அப்போ நானும் விட்டுடறேன்டி" என்று பெருமூச்சு விட்டாள். மாப்பிள்ளையும் அசடு வழிந்துகொண்டே பெல்ட்டில் ஒரு ஓட்டையைத் தளர்த்தினார்.

படத்தில் மூன்று பேர் வயிறும் நன்றாகவே தெரிகிறது.