பின்சுவரில் இருந்த விதை

சிதம்பரத்தில் இப்போது இருக்கும் வீட்டு மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம் போடலாமென்று, தொட்டி மண்ணில் காய்ந்த சாணத்தை உடைத்துப் போட்டேன். தண்ணீர் பட்டதும் எழுந்த வாசனை என்னைத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டின் பின்சுவருக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பா பரங்கி விதைகளை ஈரச் சாணத்தில் பதித்து அந்தச் சுவரில் அப்பி வைப்பார். பூச்சி அண்டாதாம். அம்மா அடுப்புக்குத் தட்டும் வறட்டியும் அதே சுவரில்தான் காயும். எது விதை, எது வறட்டி என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் விதைக்கும் முன்பே அப்பா செத்துப்போனார். எனக்குப் பத்து வயது.

"சுடுகாட்டுக்கு வறட்டி பத்தலம்மா, வீட்ல இருக்கா?" என்று மாமா என்னிடம் கேட்டார். நான் பின்சுவரைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பெயர்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அம்மா சுவரண்டை போய் நின்றாள். வட்ட வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது.

"அதுல அப்பா வெத வச்சிருந்தாரேடி. மாமாகிட்ட சொல்லலயா?"

"மறந்துட்டேம்மா."

மறக்கவில்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்த வீட்டில் விதையைப் பற்றிப் பேசப் பயமாக இருந்தது.

இப்போது மாடிப்படியில் பாதியில் நின்றபடி அம்மா கேட்கிறாள், "என்ன வெதடி போடற?"

உள்ளங்கையில் கடையில் வாங்கிய பரங்கி விதைகள். விரல்களை மூடிக்கொண்டேன்.

"வெண்டக்காம்மா."