பிச்சை என்ற பேர்

உங்கள் அண்ணனுக்கு ஏன் பிச்சை என்று பேர் வைத்தோம் என்று கேட்டீர்கள். அவனுக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் இவன் பிறந்ததும் முறத்தில் கிடத்தி, அப்போது நாங்கள் குடியிருந்த மேனாம்பேட்டில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். பிறகு உங்கள் அம்மா அவர் வாசலில் முந்தானையை ஏந்தி நின்றாள். பிச்சையாக வாங்கிய பிள்ளையைச் சாவு தொடாது என்பார்கள்.

“இன்னாம்மா, சும்மா நின்னுகினு கீறே? வாயத் தொறந்து கேளு. இல்லன்னா புள்ள எனக்குதான்,” என்றார் அந்த அம்மா.

உங்கள் அம்மா முந்தானையை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள். நான்தான், “பிச்சை போடுங்கம்மா,” என்றேன்.

பிள்ளை முந்தானைக்கு வந்துவிட்டான். எனக்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளை எடுத்தேன். அவன் நடக்கத் தொடங்கும்வரை நான் மகனே என்று கூப்பிடவில்லை. பேரைச் சொல்லியே கூப்பிட்டேன்.