படத்தில் இல்லாத சுவர்

கட்டடம் எழும்புமுன் அதைக் கணினியில் எழுப்பி, கட்டுகிறவர்களுக்குக் காட்டுவது என் தொழில். லண்டனில் இதே பாடு படுகிறவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை.

பூச்சாடி

வெம்பிளியில் ஆறு மாடிக் குடியிருப்பு. நடைபாதைப் படம் வெறிச்சென்று கிடக்கிறதே என்று மூலையில் அழகுக்கு ஒரு பூச்சாடி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால், நேரே வரவேண்டிய தண்ணீர்க் குழாய் அந்த மூலையில் மட்டும் மேலே ஏறி இறங்கியிருக்கிறது. மேற்பார்வையாளர் ஜெயன் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நீங்கள்தானே அண்ணை அதில சாடி வைச்சனீங்கள்?"

சுவர்

குளியலறைக் குழாய்கள் தெரியட்டும் என்று ஒரு சுவரைத் திரையில் மறைத்துவிட்டுப் படத்தை அச்சடித்துக் கொடுத்தேன். அதைத் தொழிலாளர் சாப்பாட்டு அறையில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். இரண்டாம் மாடியில் எல்லா வீட்டிலும் குளியலறை உண்டு, ஒரு பக்கச் சுவர் இல்லை. கட்டட வேலை மனேஜர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு பிழை வந்தால் பழையபடி காகித வரைபடம்தான், உங்களுக்கு இங்கே வேலையில்லை என்று அமைதியாகச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்? ஒரு சுவர் குறைவது கண்ணில் படவில்லையா என்று ஜெயனிடம் புலம்பினேன்.

"லண்டனில இப்ப எல்லாம் சுவரில்லாத ஓப்பன் பிளான்தானே எண்டு நினைச்சம், அண்ணை."

கொங்கிறீட் நாள்

மூன்றாம் மாடித் தளத்துக்குக் கொங்கிறீட். குழாய் இறங்கும் இடமெல்லாம் மரப்பெட்டி வைத்து ஓட்டை விடவேண்டும். ஒன்று தவறினாலும் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். படத்தில் பூச்சாடி, மனிதர், நிறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓட்டைகளை மட்டும் காட்டினேன். மூன்று தரம் சரிபார்த்தேன். காலையில் டப்லெட் கணினியோடு மேலே ஏறி, ஜெயனோடு பெட்டிகளை எண்ணினேன். எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தன.

ஜெயன் மட்டும் கடைசி வீட்டு மூலையில் நின்று தலையைச் சொறிந்தார். கீழே கொங்கிறீட் லொறி வந்துவிட்டது. அவர் எஞ்சினியருக்குப் போன் எடுத்துப் பேசிவிட்டு, தானே இன்னொரு பெட்டியை வைத்து ஆணி அடித்தார். பிறகு தளத்தின் மறுபக்கம் நின்ற மனேஜருக்குக் கேட்காதபடி என் பக்கத்தில் வந்து சொன்னார்:

"உங்கட படத்தில இந்த வீட்டு ரொய்லெட் குழாய் கீழ போக வழியில்லை அண்ணை. நான் ஓட்டை விட்டிட்டன், அவர் பாக்க முந்தி நீங்களும் படத்தில ஒண்டைப் போடுங்கோ."

படத்தைப் பார்த்துத்தான் கட்டடம் கட்டுகிறார்கள் என்று மனேஜர் இன்னும் நம்புவதால், நான் இன்னும் வேலையில் இருக்கிறேன்.